ஐந்து கரும்புள்ளிகளுக்கு எதிரே மார்ட்டின் ஃபூர்காட்

நேயர்களுக்கு என் வணக்கம்.

தோளில் துப்பாக்கியைச் சுமந்தபடி பனிப்பாதையில் சறுக்கி ஓடி, நடுநடுவே சுடுதளத்தில் நின்று இலக்கைச் சுட வேண்டிய போட்டிக்குப் பையத்லான் என்று பெயர். அதில் 2011-12 முதல் 2017-18 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றவர் பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட். 1988இல் பிரனீஸ் மலைப்பகுதியில் பிறந்தவர் இவர்; இவருடைய அண்ணன் சீமோனும் இதே விளையாட்டின் வீரர்தாம்.

இவருடைய பெருமையை உணர, சுடுதளத்தில் நடப்பதைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். மூச்சிரைக்க ஓடி வரும் வீரர், நெஞ்சு படபடக்கும் அந்த நிலையிலேயே, 50 மீட்டர் தொலைவில் உள்ள ஐந்து கரும்புள்ளிகளைச் சுட வேண்டும். நின்று சுடும்போது அவற்றின் விட்டம் 115 மில்லிமீட்டர்; படுத்துச் சுடும்போது வெறும் 45 மில்லிமீட்டர்தான். பெரும்பாலான போட்டிகளில், குறி தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் அபராதச் சுற்று ஒன்றைக் கூடுதலாக ஓடியாக வேண்டும்.

2018ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கின் முதல் தனிநபர் போட்டியில், படுத்துச் சுட்ட ஐந்தில் மூன்று குண்டுகள் ஃபூர்காட்டுக்குத் தவறின. அன்று எட்டாம் இடம்தான் கிடைத்தது. மறுநாள், முந்தைய போட்டியில் முடித்த வரிசைப்படியே வீரர்கள் கிளம்பும் துரத்தல் ஓட்டத்தை, அந்த எட்டாம் இடத்திலிருந்தே தொடங்கித் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் கூட்டுத் தொடக்க ஓட்டத்தில் ஜெர்மனியின் சீமோன் ஷெம்ப்புடன் ஒன்றாக எல்லைக்கோட்டைத் தொட்ட அவர், தோற்றுவிட்டதாகவே எண்ணிக் கொதித்தார். எல்லைக்கோட்டில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்த பிறகே தங்கம் அவருடையது என்று தெரிந்தது. தவறுவதையும், ஆத்திரப்படுவதையும், அடுத்த நாளே அதைச் சரிசெய்வதையும் மறைவின்றிக் கண்டதால்தான் மக்கள் அவரை இத்தனை நெருக்கமாக நேசித்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம். பதக்கக் கணக்கு மட்டும் அந்த நெருக்கத்தைத் தந்திருக்காது.

2020 மார்ச் 14 அன்று பின்லாந்தின் கோன்டியோலாத்தியில், தொற்றுநோய் அச்சத்தால் பார்வையாளர் யாருமற்ற மைதானத்தில், தம் கடைசிப் போட்டியை வென்று அவர் விடைபெற்றார். கைதட்ட ஆளில்லாத அந்த வெற்றியை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது. அந்தப் பருவத்தின் ஒட்டுமொத்தப் பட்டம் இரண்டே புள்ளிகளில் நார்வேயின் யோஹான்னஸ் தின்னெஸ் போவுக்குப் போனது.

எனினும் பிரான்ஸ் அவரை மறக்கவில்லை. கோடையில் ஆன்சி நகரில் அவர் பெயரால் நடக்கும் விழாவில், வீரர்கள் சக்கரச் சறுக்குக் கட்டைகளில் தார்ச்சாலையில் ஓடுகிறார்கள். ஊக்கமருந்துக்கு எதிராகத் துணிந்து பேசிய அவருக்கு, 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளியே கிடைத்திருந்தது. அன்று அவரை முந்திய ரஷ்ய வீரர் எவ்கேனி உஸ்த்யுகோவ் ஊக்கமருந்து விதிமீறலுக்காகப் பின்னர் தகுதி நீக்கம் செய்யப்பட, 15 ஆண்டுகள் கழித்து, 2025இல், அந்தத் தங்கம் ஃபூர்காட்டுக்கு உரியதாயிற்று. அது அவருடைய ஆறாவது ஒலிம்பிக் தங்கம்.

நன்றி, வணக்கம்.