ஹீரோ பறக்கட்டும், வில்லன் ஏன் முட்டாளாக வேண்டும்?

சரி, அடுத்த கேள்வி பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: "அண்ணா, போன வீடியோவில் அந்த ஆக்‌ஷன் த்ரில்லரைக் கிழி கிழி என்று கிழித்தீர்கள். ஸ்டைலுக்காக எடுத்த படத்தில் லாஜிக் பார்க்கலாமா? மாஸ் படத்தில் ஹீரோ ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்கவிட்டால் கைதட்டுகிற நீங்கள், இதற்கு மட்டும் கணக்குக் கேட்பது நியாயமா? இரண்டாம் பாகம் வந்தால் பார்ப்பீர்களா, மாட்டீர்களா?"

நல்ல கேள்விதான் தம்பி. படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆயுதக் கடத்தல்காரன் ஒருவன், அவன் முகத்தைப் போலீசில் யாருமே பார்த்ததில்லை. அவனுடைய கணக்கு வழக்கு மொத்தமும் ஒரு பென் டிரைவில் ஏறி, பாரிமுனையில் ஒரு வங்கி லாக்கரில் தூங்குகிறது. வேலையை உதறிவிட்டுப் போன போலீஸ்காரரான ஹீரோ அதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பறப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. முதல் சண்டையிலேயே, இந்தப் படத்தில் ஆட்கள் இப்படித்தான் பறப்பார்கள் என்று காட்டிவிடுகிறார்கள். நாமும் ஒத்துக்கொண்டுதான் உட்கார்கிறோம். சைலன்சர் மாட்டிய துப்பாக்கி 'புஸ்' என்று சுடுவதும் அப்படித்தான். நிஜத்தில் 160 டெசிபலை ஒட்டி வரும் வெடிச்சத்தத்தில் அது 20, 30 டெசிபலைக் குறைத்தால் பெரிய விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் கண்டிப்பாக எழுந்துவிடுவார். ஆனால் அது சினிமா காலங்காலமாக வைத்திருக்கிற வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். காசிமேட்டில் ஒரு சந்துக்குள் நுழைகிற பைக் அடுத்த ஷாட்டில் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறுகிறது. என்னோடு பார்த்த தியேட்டரே சிரித்தது, சிரித்துவிட்டு மறந்தும்விட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணா சாலை காலியாக இருப்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அது நம் எல்லோருக்கும் உள்ள ஆசை.

என் கோபம் வேறு. படம் தானே ஒரு விதியைச் சொல்லி, நம்மை நம்பவைத்து, அப்புறம் தனக்கு அவசரம் என்றதும் அதை மிதித்துவிட்டுப் போகிறது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த லாக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் லாக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனால், வங்கி ஊழியர் முதலில் தன் சாவியைப் போட்டுத் திருப்புவார். அதற்கப்புறம் நம் சாவி திரும்பினால்தான் கதவு திறக்கும். படத்துக்கும் இது தெரியும்! முதல் பாதி முழுக்க வங்கி வைத்திருக்கிற அந்தச் சாவிதான் கதையே. அதற்காகத்தான் வில்லன் ஆட்கள் மேனேஜரைக் கடத்துகிறார்கள், அவர் வாய் திறக்காமல் சாகிறார், அவர் மகள் அழுகிறாள், பின்னணியில் வயலின். நானும் கலங்கினேன். கடைசியில் ஹீரோ நடுராத்திரி தனியாக உள்ளே போய், ஒரே ஒரு சாவியை ஸ்லோ மோஷனில் திருப்புகிறார். திறந்துவிடுகிறது! அப்படியென்றால் அந்த மேனேஜர் எதற்குத்தான் செத்தார்? இது லாஜிக் ஓட்டை மட்டும் இல்லை தம்பி, என்னை அழவைத்ததையே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். இன்னொன்று, லாக்கர் அறைக்குப் போய்வருகிறவர்களின் கேமரா பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. மறுநாள் காலையில் ஒருவராவது அந்தப் பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

வில்லனும் அப்படித்தான். ஒவ்வொரு போன் பேசியதும் சிம்மை உடைத்துக் கூவத்தில் போடுகிறவன். அதை அவ்வளவு அழகாக, நிதானமாக எடுத்திருக்கிறார்கள். சிம் உடையும் சத்தம் மட்டும் கேட்கும், முகம் இருட்டில் இருக்கும். இடைவேளைக்கு அப்புறம் அதே ஆள் ஹீரோவை வீடியோ காலில் கூப்பிட்டு, முழு முகத்தையும் காட்டிச் சவால் விடுகிறான். அவன் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மெரினா கலங்கரை விளக்கம். ஹீரோ எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஆட்டோவில் போனாலே போதும்.

ஓட்டை இருந்தாலே படம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1946-ல் வந்த 'தி பிக் ஸ்லீப்' ஹாலிவுட் படத்தில் ஒரு கார் டிரைவர் செத்துக் கிடப்பார். அவரைக் கொன்றது யார் என்று படம் எடுத்தவர்களுக்கே குழப்பம் வந்து, நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார்கள். தனக்கும் தெரியாது என்றுவிட்டார் மனுஷன். இன்றைக்கும் அந்தப் படத்தைக் கொண்டாடுகிறார்கள். அதில் ஹீரோவாக வரும் துப்பறிவாளன் எந்தக் காட்சியிலும் தன் குணத்தை விட்டு நகர்வதில்லை, அதனால் நாமும் அவன் பின்னாலேயே போய்விடுகிறோம்.

நம் ஊரிலேயே இருக்கிறது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்', 1954. பாட்டே கிடையாது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது இல்லையா, அந்தச் சமயத்தில் ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறார், யார் சுட்டது என்பதுதான் படம். ஒளிப்பதிவாளர் மாருதி ராவின் ஒளியும் நிழலும் இன்றைக்குப் பார்த்தாலும் ஸ்டைல்தான். ஆனால் அந்த வீட்டில் ஒருவர்கூடக் கதையின் வசதிக்காக முட்டாளாவதில்லை. ஸ்டைலா, லாஜிக்கா, ஒன்றைத்தான் தருவோம் என்று அவர்கள் பேரம் பேசவில்லை.

இரண்டாம் பாகம்? பார்ப்பேன், முதல் நாளே பார்ப்பேன். ராயபுரம் பக்கம் அந்தக் கன்டெய்னர் யார்டு மழைக் காட்சியை எடுத்த கேமராமேனுக்காகவே டிக்கெட் போடலாம். இயக்குநர் மட்டும் திரைக்கதையில் கை வைப்பதற்கு முன்னால், அம்மா லாக்கரிலிருந்து நகை எடுக்கப் போகும்போது கூடவே ஒருமுறை வங்கிக்குப் போய்வரட்டும்.

அடுத்த கேள்வி தாம்பரத்திலிருந்து வந்திருக்கிறது, பார்ப்போம்.