கடலூர்க் கரையில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் சுஃப்ரன் வீதி வழியாக நடந்திருப்பீர்கள். அந்த சுஃப்ரன் ஒரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. அவர் ஏறிவந்த 'எரோ' என்ற கப்பலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1778-இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் கடலில் இறக்கப்பட்ட 74 பீரங்கிக் கப்பல் அது. 1781 மார்ச்சில் பிரான்சின் இன்னொரு துறைமுகமான பிரெஸ்ட்டிலிருந்து கிளம்பி, வழியில் கேப் வெர்டே தீவில் ஆங்கிலேயரோடு ஒரு சண்டை போட்டுவிட்டு, மொரீசியஸ் வழியாக மறு ஆண்டுத் தொடக்கத்தில் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தது.

1782-இல் மட்டும் நான்கு சண்டை. பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை. எதிரில் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸ். நான்கிலும் தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை.

சண்டையைவிட, அது முடிந்தபிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஹியூஸுக்குச் சென்னை இருந்தது, பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் துறை இருந்தது. சுஃப்ரனுக்கோ புதுச்சேரிகூட இல்லை. 1778-லேயே அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கிடைத்தது கடலூர், அதுவும் திறந்த கடல். சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நட்டார்கள். பலகைக்காகக் கரையிலிருந்த வீடுகளைப் பிரித்தார்கள். வீட்டுக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ! மொரீசியஸுக்குத் திரும்பும்படி வந்த உத்தரவையும் மீறி, சுஃப்ரன் இங்கேயே நின்றார். ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்தபிறகுதான் ஒதுங்க நல்ல துறைமுகம் கிடைத்தது.

அந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் செப்டம்பர் 3-ஆம் தேதிச் சண்டை. மற்றக் கப்பல்கள் பின்தங்கிவிட, எரோவும் இன்னும் இரண்டும் நடுவில் மாட்டிக்கொண்டன. எரோவின் நடுப் பாய்மரம் முறிந்து விழுந்தது, கொடியும் கூடவே போயிற்று. கொடி இறங்கினால் சரணடைந்ததாக அர்த்தம். ஆங்கிலக் கப்பல்களில் ஆரவாரம். "கொடி கொண்டுவாருங்கள், வெள்ளைக் கொடி! கப்பல் முழுக்கப் போர்த்துங்கள்!" என்று சுஃப்ரன் கத்தினாராம். அந்நாளில் பிரெஞ்சு அரசனின் கொடியே வெள்ளைதான், நேயர்களே. மாலையில் காற்றுத் திசை மாறியதால் பின்தங்கிய கப்பல்கள் வந்து சேர, எரோ தப்பியது.

1783 ஜூனில் கடலூர் எதிரே ஐந்தாவது சண்டை. அதைத் தளபதி எரோவில் நின்று நடத்தவில்லை. அரச ஆணைப்படி ஒரு சிறிய கப்பலுக்கு மாறியிருந்தார். சில நாளில் சமாதானச் செய்தி வந்தது. 1784 மார்ச்சில் எரோ தூலோன் திரும்பியது.

சுஃப்ரன் 1788-இல் காலமானார். 1793 டிசம்பரில், தூலோனைக் கைவிட்டுப் போன ஆங்கிலேயர்கள் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தவற்றில் எரோவும் ஒன்று.