குடனுக்காக வருந்துவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி 2016 ஜூலையில் 'டாக் அண்ட் டாரில்' என்றொரு ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. எண்பதுகளில் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் நட்சத்திரங்களாக இருந்த இருவரின் கதை அது. ஒருவர் டாரில் ஸ்ட்ராபெரி. இன்னொருவர் பிட்சர், அதாவது பந்தெறிபவர், 'டாக்' (டாக்டர்) என்று செல்லமாக அழைக்கப்பட்ட டுவைட் குடன். இன்று நான் பேச வந்தது குடனைப் பற்றி.

1984இல் 19 வயதில் களமிறங்கி, அந்த ஒரே பருவத்தில் 276 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், அதாவது மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது. அடுத்த ஆண்டு பந்தெறிபவராக அவர் கணக்கில் 24 வெற்றி, 4 தோல்வி. மெட்ஸின் சொந்த மைதானமான ஷே ஸ்டேடியத்தில் ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் அதன் குறியீடான 'கே' எழுத்து எழுதிய அட்டை ஒன்றை ரசிகர்கள் தடுப்புச் சுவரில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். 1986இல் மெட்ஸ் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது நியூயார்க்கே வீதிக்கு வந்து ஊர்வலம் கண்டது. குடன் அதில் இல்லை. முந்தைய இரவு போதையில் கழிந்தது. சக வீரர்கள் ஊர்வலம் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே பின்னாளில் சொன்னார்.

இப்படிப்பட்ட கதையைப் பார்க்கும் ரசிகர் உடனே சொல்வது, "அடடா, எப்பேர்ப்பட்ட திறமை, இப்படிப் பாழாக்கிவிட்டாரே!" என்பதுதான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற ஆதங்கம். அன்பில் பிறந்ததுதான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு இது உறுத்துகிறது. வராமல் போன வெற்றிகளும் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் கிடைக்காத இடமும் நம்முடைய இழப்புக் கணக்கு. போதை நோயில் அந்த மனிதர் பட்ட பாடு அதில் எங்கே வருகிறது?

இதைவிட நல்ல பதிலை அதே ரசிகர்கள் 1987லேயே தந்திருக்கிறார்கள். அந்த வசந்தத்தில் கொக்கெய்ன் பரிசோதனையில் சிக்கிய குடன் சிகிச்சைக்குப் போய், ஜூன் மாதம் திரும்பினார். எழுந்து நின்று கூச்சல் போட்டு அவமதியுங்கள் என்று நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஒரு மூத்த பத்தியாளர் எழுதியிருந்தார். ரசிகர்கள் எழுந்து நிற்கத்தான் செய்தார்கள், ஆனால் கைதட்ட. அவர் குணமாகிவிட்டார் என்ற உறுதி அவர்களில் யாருக்கும் கிடையாது. சரி, வந்துவிட்டார், அது போதும் என்று நினைத்தார்கள். அந்த நோயில் மீள்வது என்பதே அப்படித்தான்: திரும்பத் திரும்ப விழுவதும் அதில் சேர்த்தி.

அவரும் விழுந்தார். 1995 பருவம் முழுக்கத் தடை. அப்புறம் 1996 மே 14, நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸ் சட்டையில், சியாட்டில் அணிக்கு ஒரு ஹிட்கூட (மட்டையால் அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது) கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். தந்தைக்கு மறுநாள் இதய அறுவை சிகிச்சை. களத்திலிருந்து சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகும் போதை அவரை விடவில்லை. 2006இல் சிறைக்கும் போனார்.

194 வெற்றிகளோடு நின்ற அந்தப் பந்துவீச்சைப் பாழ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 ஏப்ரலில் மெட்ஸ் அணி அவருடைய 16ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கௌரவித்தபோது, 59 வயதில், குடன் அங்கே உயிரோடு இருந்தார். படம் வெளியான 2016இல் அவர் உயிரை நினைத்துப் பயந்தவர்களில் ஸ்ட்ராபெரியும் ஒருவர்.

வணக்கம்.