பக்கத்து ஏரியே போதும்

அனைவருக்கும் வணக்கம்.

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தச் சரணாலயத்துக்குப் போகலாம்?" அடுத்து, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பூங்காவை ஒட்டி ஒரு சின்ன ஏரி இருக்கிறதா? இருந்தால் அடுத்த ஓராண்டுக்கு அதை விட்டு எங்கும் போக வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆள் நடமாட்டமில்லாத நீர்நிலையில் சாம்பல் நாரை உங்களைத் தொலைவில் கண்டதுமே எழும்பிவிடும். பூங்கா ஏரியின் நாரையோ, காலை நடைக்கு வருகிறவர்களையும் ஓடியாடும் பிள்ளைகளையும் தினமும் பார்த்துப் பழகியது. பாதையில் போகிற மனிதரை அது பொருட்படுத்தாது. ஆனால் பாதையில் போகிற வரைக்கும்தான். நீங்கள் பாதையை விட்டு இறங்கி, அதையே பார்த்துக்கொண்டு நேராக நடந்தால், அதே நாரை இரை தேடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை விறைப்பாக நிமிர்த்தும். அடுத்து பறந்துவிடும்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்டன், செர்ரி கியர்டன் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். 1892இல் ஒரு பறவைக் கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் படமெடுத்ததில் தொடங்கியது அவர்கள் பயணம். பறவைகள் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதைக் கவனித்து, மாட்டுத் தோலால் உள்ளீடற்ற ஒரு பொய்மாடு செய்து, அதற்குள் ஒளிந்து நின்று படமெடுத்தார்கள். பறவை எதற்குப் பழகியிருக்கிறதோ அதன் தோற்றத்துக்குள் நாம் புகுந்துகொள்ள வேண்டும் என்பதை அன்றே கண்டுகொண்டவர்கள் அவர்கள். பூங்காவில் உங்களுக்குப் பொய்மாடு தேவையில்லை. எல்லோரும் நடக்கிற பாதையில் நடந்து, எல்லோரும் உட்காருகிற படியில் உட்கார்ந்தாலே போதும்.

உட்காருவது என்று சொன்னேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நின்றுகொண்டு எடுத்தால் கேமரா மேலிருந்து கீழே பார்க்கும். பறவைக்குப் பின்னால் தெரிவது சில அடி தள்ளியுள்ள தண்ணீர்தான். அதில் மிதக்கிற தூசும் குப்பையும்கூடத் துல்லியமாக விழும். லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். பின்னணி சட்டென்று அக்கரைக்குப் போய்விடும். அக்கரை தூரத்தில் இருப்பதால் வெறும் நிறமாகக் கரைந்துவிடும். லென்ஸை மாற்றாமல், ஒரு காசு செலவில்லாமல், படத்தின் தரம் உயர்கிற ஒரே வழி இதுதான் என்பேன். படுத்து எடுக்க முடியாதவர்கள், திரை மடங்கும் கேமராவாக இருந்தால், அதைத் தரையருகே பிடித்துத் திரையை மேலே திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். கரை உயரமாக இருந்தால் எவ்வளவு குனிந்தும் பயனில்லை. சரிவு தாழ்ந்த இடம் ஏரியைச் சுற்றி எங்காவது ஒன்றிரண்டு இருக்கும். முதல் வாரத்தில் அதைத் தேடுங்கள்.

தேடும்போதே தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். ஏரிக்கு நிறம் கொடுப்பது வானமும் அக்கரையும்தான். மேகமூட்டமான நாளில் தண்ணீர் வெளிறிப்போய்க் கிடக்கும். அதே நேரத்தில் அக்கரை மரங்களின் சாயல் விழுகிற பகுதி மட்டும் அடர்பச்சையாக இருக்கும். அங்கே ஒரு வெள்ளைக் கொக்கு வந்து நின்றால் வேறென்ன வேண்டும்? பறவை வருமுன்பே அந்தப் பச்சைக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளைக் கொக்கு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களின் படங்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கேமராவின் ஒளிமானி, சட்டத்துக்குள் தெரிகிற காட்சியின் சராசரியை நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. இருண்ட தண்ணீர் சட்டத்தை நிறைத்து, நடுவில் கொக்கு சிறிதாக நின்றால், காட்சி இருட்டு என்று முடிவுகட்டி அதிக ஒளியை உள்ளே விடும். தண்ணீர் சாம்பலாகும், கொக்கின் இறகுகள் வெளுத்து, விவரமே இல்லாத வெள்ளைத் திட்டாகும். அப்படி எரிந்துபோன இறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே கேமரா கணக்கிட்ட ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் வரைக்கும், அதாவது ஒளி பாதியாகும் அளவுக்கு, குறைத்து வையுங்கள். அதே கொக்கு வெளிறிய வானத்தில் பறக்கும்போது நேர்மாறாகக் கூட்ட வேண்டியிருக்கும். எதற்கும், படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டுகிற வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். கோடு அங்கே முட்டி நின்றால் வெள்ளை எரிகிறது என்று பொருள். ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கிற கோப்பாக எடுத்தால் நிழலை ஓரளவு மீட்கலாம். அதனால் சற்று இருட்டாக எடுப்பதே பாதுகாப்பு.

இதெல்லாம் கருவியின் பாடம். ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். பறவையின் பாடத்துக்குத்தான் மாதங்கள் ஆகும். அதற்காகத்தான் பக்கத்து ஏரி வேண்டும் என்கிறேன்.

சின்னக் கொக்கை ஒரு முழு மணி நேரம் பாருங்கள். கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆழமில்லாத இடத்தில் ஒரு காலை முன்னே நீட்டி, அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றில் படபடவென்று நடுக்கும். மேலே உடல் அசையாது. ஒளிந்திருக்கிற சிறுமீன் கலைந்து ஓடும். அந்த நொடியில் கழுத்து பின்னுக்கு மடங்கி, தலை நிலைக்கும். தண்ணீருக்குள் இருக்கிற மீன், ஒளிவிலகலால், இருக்கிற இடத்தில் தெரியாது. கொக்கு அதையும் ஈடுசெய்துதான் குத்துகிறது. மீன் அலகில் இருப்பதைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால் தாமதம். கழுத்து மடங்கித் தலை நிலைத்ததுமே தொடர்ந்து எடுக்க ஆரம்பிக்க வேண்டும். ஷட்டர் வேகம் 1/2000 நொடி அளவில் இருக்கட்டும். சும்மா நிற்கிற கொக்குக்கு 1/250 போதும்.

முக்குளிப்பான் வேறு மாதிரி. அதன் கால்கள் உடலின் கடைசியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. நீந்தவும் மூழ்கவும் அதுவே வசதி, தரையில் நடக்கத்தான் சிரமம். மூழ்கினால் எங்கே மேலே வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது மூழ்கியிருக்கிற அந்தச் சில நொடிகள் உங்களுடையவை. அப்போது மெல்ல இடம் மாறி உட்காருங்கள். மேலே வந்ததும் அசையாதீர்கள். இப்படியே பொறுமையாக நெருங்கினால், சில சமயம் அதுவே உங்கள் பக்கமாக எழுந்து வரும்.

நாமக்கோழி எழும்புமுன் தண்ணீர்மேல் ஓடும். ஓட்டம் தொடங்கியதுமே எடுக்கத் தொடங்கினால், பின்னால் வரிசையாகத் தெறிக்கும் துளிகளோடு படம் கிடைக்கும். நீர்க்காகம் குளித்து வந்து இறக்கையை விரித்து உலர்த்தும்போது அவசரமே வேண்டாம், நேரம் நிறைய இருக்கிறது. இன்னொன்று, நீர்ப்பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் படுகிற கரையைத் தேர்ந்தெடுத்தால் முகம் தெரிகிற படம் கிடைக்கும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர்மேல் காற்று கானலாக நெளியும். தூரத்துப் பறவை எப்படி எடுத்தாலும் கூர்மை வராது. அது லென்ஸின் குறை அல்ல, அப்போது வீட்டுக்குப் போய்விடலாம்.

இப்போது நான் கவலையோடு சொல்ல வேண்டியது. பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கல்லெறிகிறவர்களையும் கைதட்டுகிறவர்களையும் பூங்காக்களில் பார்க்கிறேன். நெடுந்தூரம் வலசை வந்து களைத்திருக்கிற வாத்து, ஒவ்வொரு முறை பதறி எழும்பும்போதும் சேர்த்துவைத்த தெம்பை இழக்கிறது. ரொட்டி போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். அது பறவைக்குச் சத்தான உணவல்ல, மிச்சம் தண்ணீரில் அழுகும்.

கூடு விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டும். விலகிப் போகும்போது ஈரப்பாசியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். நீங்கள் திடுமென நெருங்கினால் மூட நேரமிருக்காது. திறந்து கிடக்கிற முட்டையைக் காகம் பார்த்துவிடும். உங்களுக்குக் கிடைத்தது ஒரு படம், அதற்குப் போனது ஒரு பருவத்தின் குஞ்சுகள். கூட்டைக் கண்டால் பின்வாங்குங்கள், இடத்தையும் இணையத்தில் போடாதீர்கள். குஞ்சு பொரிந்தால் தாய் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு தானே திறந்த நீருக்கு வரும். கோடுபோட்ட அந்தக் குட்டித்தலை இறகுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கிற படம் காத்திருந்தவருக்குத்தான் கிடைக்கும், அதைவிட நல்ல படமும் கிடையாது.

நல்ல படம் இல்லை என்று நீங்கள் ஒதுக்கிவிடுகிற படங்களுக்கும் வேலை உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் பங்கெடுத்து 2002இல் தொடங்கிய இ-பேர்டு தளத்தில் எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பறவை, எத்தனை என்று யாரும் பதியலாம், படத்தையும் இணைக்கலாம். அங்கே கலையழகு தேவையில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். ஒரே ஏரியை ஆண்டு முழுதும் பதிகிறவரின் குறிப்புகள், எப்போதாவது வந்துபோகிறவரின் குறிப்புகளைவிட மதிப்புள்ளவை. பறவையின் காலையும் பெரிதாக்கிப் பார்க்கப் பழகுங்கள். வலசையை அறிவதற்காக ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் இருக்கலாம். 1899இல் டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன் மைனாக்களின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணிட்ட வளையம் மாட்டியதிலிருந்து இந்த முறை வளர்ந்தது. முன்பெல்லாம் எண்ணைப் படிக்கப் பறவையை மறுபடி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அது செத்துக் கிடக்க வேண்டும். இன்று ஒரு கூர்மையான படம் போதும். அதனால் தண்ணீரை விட்டுக் கரையேறி நிற்கிற பறவையின் காலைச் சட்டத்துக்கு வெளியே வெட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். லென்ஸ் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்கிறேன்.