பூட்டிய கதவா, கூட இருக்கும் நண்பரா?

நடுவர் அவர்களே, வணக்கம். வேலைக்கு நடுவே எழுதுகிறவருக்குத் துணை பூட்டிய கதவா, கூட இருக்கும் நண்பரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நண்பர் பக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குப் போட்டார். ஆபீஸ் எட்டு மணி நேரம், பஸ் இரண்டு மணி நேரம், வீட்டு வேலை, தூக்கம் எல்லாம் போக மிச்சம் ஒரு மணி நேரம். அதையும் நண்பருக்குக் கொடுத்தால் எழுதுவது எப்போது என்றார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவர் சொன்ன நண்பர் யார்? வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர். அவருக்குக் கதவைப் பூட்டத்தான் வேண்டும். பூட்டு நானே வாங்கித் தருகிறேன்.

நான் சொல்லும் நட்பு வேறு. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனார், மலேயாவுக்கும் போனார். கி.ரா. ஊரில் விவசாயம். தினம் சந்தித்தா நட்பு வளர்த்தார்கள்? கடிதம் போட்டார்கள். வந்த கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து பின்னாளில் புத்தகமாகவே கொண்டுவந்தார். அவருடைய கதை 'சரஸ்வதி' பத்திரிகையில் வந்தது 1958இல், முப்பது வயதையெல்லாம் தாண்டிய பிறகு. அதுவரை அவருக்கு எழுத்துப் பயிற்சி அந்தக் கடிதங்கள்தான் என்பது என் கணிப்பு. சாகித்திய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991. ஒரு கரிசல் கிராமத்துக்கு இரண்டு!

சரி, பெரியவர்கள் கதை போதும். நான் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவன். மாதக் கடைசியில் எனக்குச் சாப்பாடே மறந்துவிடும். அதே மில்லில் ஃபிட்டராக இருக்கிற ஒரு தம்பிதான் என் கதைகளுக்கு முதல் வாசகர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருக்கும் எண்ணெய் படாமல் தாளின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு படிப்பார். பாதி நாள் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒருநாள் சொன்னார்: "அண்ணே, ரிங் ஃபிரேம் ஓடுறப்ப இந்தப் பொண்ணு முணுமுணுக்குதே, யாருக்குக் கேக்கும்?"

ரிங் ஃபிரேம் என்றால் நூல் நூற்கிற மெஷின். என் நாயகி அந்த மெஷின் பக்கத்தில் நின்று தோழியிடம் ஒரு பக்கத்துக்கு ரகசியம் பேசுகிறாள். நான் உட்காருவது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். அந்தச் சத்தம் எனக்கு எங்கே தெரியும்? வசனம் முழுவதையும் அடித்தேன். அவளைக் கையாலும் கண்ணாலும் பேசவிட்டேன். அப்புறம்தான் அந்தக் கதை எழுந்து நின்றது. கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு வருஷம் எழுதியிருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

அந்த டீக்கு ஆன நேரம் பத்து நிமிஷம். தலைவர் கணக்குப்படி இன்னும் ஐம்பது நிமிஷம் மிச்சம். நீங்கள் மணி அடித்துவிட்டீர்கள், அந்த ஐம்பது நிமிஷத்தை அவரிடமே கொடுத்துவிட்டு உட்காருகிறேன். வணக்கம்.