சிசிலியைச் சீரழித்தது ஆளுநரா, அமைப்பா? - ‘அமைப்பே!’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். “கூடையில் ஒரு கத்தரிக்காய் சொத்தை என்றால் கூடையையா கொளுத்துவீர்கள்? சிசிலியை ஆண்ட ரோம ஆளுநர் வெர்ரஸ் ஒருவன் கெட்டவன், ரோமின் சட்டம் நல்ல சட்டம்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கூடையையே பார்ப்போம்.

சட்டம் நல்ல சட்டம்தான். சிசிலியின் சிராக்யூஸ் நகர மன்னர் ஹீரோன் போட்டது, ரோம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி, வசூல் உரிமையை ஏலம் எடுத்தவன் வசூலிப்பான். ஆனால் அதற்கு மேல் தன் ஆணையை எழுத ஆளுநருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? ரோம். கி.மு. 73இல் வந்த வெர்ரஸ் எழுதினான்: ஏலம் எடுத்தவன் கேட்பதை உழவன் கொடுக்க வேண்டும். கூடுதலாக வாங்கியிருந்தால் பிறகு வழக்குப் போடலாம், எட்டு மடங்கு தண்டம். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள்? வெர்ரஸின் பரிவாரம்!

களத்துமேட்டுக்கு வாருங்கள். கோதுமை அடித்துக் குவித்திருக்கிறது. வசூல்காரனோடு உடன்பாடு எழுதாமல் களத்திலிருந்து ஒரு மணி எடுக்கக் கூடாது. அதே ஆணை, ஆகஸ்ட் முதல் தேதிக்குள் வரித் தானியம் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. வசூல்காரன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். நாள் நெருங்க நெருங்க, கேட்டதற்கெல்லாம் உழவன் தலையாட்டியே ஆக வேண்டும்.

சொத்தையைத் தூக்கி எறியலாமே? எங்கே எறிவது! பதவியில் இருக்கும் ஆளுநர் மீது வழக்குப் போட முடியாது. ஓராண்டுப் பதவி, இத்தாலியில் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கலகம், மாற்று ஆளுநர் வந்து சேரவில்லை, மூன்றாண்டு ஆயிற்று. அந்த மூன்றாண்டை அவன் எப்படிப் பிரித்தான் தெரியுமா? பிறகு அவன் மீது வழக்கு நடத்திய வக்கீல் சிசரோ நீதிமன்றத்திலேயே சொன்னார். முதலாண்டு வருமானம் தனக்கு. இரண்டாமாண்டு? தன்னைக் காப்பாற்றும் வக்கீல்களுக்கு. மூன்றாமாண்டு, கொழுத்த வருமானம், அது முழுக்க யாருக்கு? நீதிபதிகளுக்கு! ஐயா, திருடும்போதே தீர்ப்புக்கும் பங்கு ஒதுக்கினான் என்றால், அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? நீதிபதிகள் அத்தனை பேரும் செனட்டர்கள். நேற்று ஆளுநராக இருந்தவர்கள், நாளை ஆளுநராகப் போகிறவர்கள். கூடை பின்னியவர்களே காய்க்குத் தீர்ப்புச் சொன்னார்கள், நண்பரே!

“கடைசியில் சிசரோ ஜெயித்தாரே” என்பீர்கள். கி.மு. 70இல் ஜெயித்தார். வெர்ரஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் மஸ்ஸிலியாவுக்கு, இன்றைய பிரான்ஸின் மார்சேய்க்கு, போய்விட்டான். காவியஸ் திரும்பி வந்தாரா?

அவர் ரோமக் குடிமகன்; குடிமகனை அடிக்கவோ சிலுவையில் அறையவோ ரோமச் சட்டம் விடாது. சிராக்யூஸ் கல்குவாரிச் சிறையிலிருந்து தப்பி, இத்தாலிக்குக் கப்பலேற சிசிலியின் மெஸ்ஸானா துறைமுகத்துக்கு வந்தவர். சந்தைத் திடலில் கட்டி வைத்து அடித்தார்கள். அழவில்லை. ஒவ்வோர் அடிக்கும் “நான் ரோமக் குடிமகன்” என்ற ஒரே சொல். வழக்கமான இடத்தை விட்டுச் சிலுவையை நீரிணைக்கு எதிரே நட்டான் வெர்ரஸ். சாகும்போது இத்தாலி கண்ணில் தெரிய வேண்டுமாம். அக்கரையில் சொந்த மண். நடுவில் கொஞ்சம் கடல்.

காவியஸுக்குச் சொல்ல அந்த ஒரு வாக்கியமாவது இருந்தது. களத்தில் நின்ற சிசிலி உழவனுக்கு அதுவும் இல்லை. சிசிலியின் லெயோந்தினி நிலத்தில் வெர்ரஸின் முதலாண்டில் 84 பேர் உழுதார்கள். மூன்றாம் ஆண்டு 32 பேர். மீதி 52 பேரின் ஏர் எந்த மூலையில் கிடக்கிறது, எதிரணி நண்பர் எழுந்து சொல்லட்டும்.