டிப்ரஷன்ல முகம் வேற மாதிரி தெரியும்

வணக்கம் நேயர்களே. டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், எங்கிருந்து கேட்டாலும் சரி, இன்னைக்கு டிப்ரஷன் பத்திதான் பேசப்போறேன், அதுலயும் முகத்தைப் பத்தி.

புரட்டாசி சனிக்கிழமை கோயில்ல கூட்டம், பெரியம்மா ஒருத்தங்க நம்மள பார்த்தும் ஒண்ணும் சொல்லாம போறாங்க, சாப்பாடு எல்லாருக்கும் பத்துமான்னு அவங்களுக்கு யோசனை, ஆனா டிப்ரஷன்ல இருக்கிற பொண்ணுக்கு அந்த முகம் கோவமா தெரியும், நம்மள பிடிக்கலைன்னு தோணும். அவ வேணும்னே அப்படி நினைக்கல, நோய் அப்படி பார்க்க வைக்குது. அடுத்த வாரம் கோயிலுக்கே வரமாட்டா, ஏன் வரலைன்னு யாரும் கேட்கலைன்னா இன்னும் ஒடுங்கிடுவா.

இதை மாத்த முடியுமான்னு இங்கிலாந்துல பிரிஸ்டல் யூனிவர்சிட்டில மார்கஸ் முனாஃபோ, இயன் பென்டன்-வோக் இவங்கல்லாம் ஒரு பயிற்சி செஞ்சாங்க. ஒரே முகம், நல்ல சிரிப்புலேருந்து கொஞ்சம் கொஞ்சமா சோகமா மாறுற 15 படம், கலைச்சுப் போட்டு ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல காட்டி சந்தோஷமா சோகமான்னு கேட்பாங்க, நடுவுல ரெண்டுங்கெட்டானா இருக்கிற முகத்தை சோகம்னு சொன்னா, இல்ல, அது சந்தோஷம்னு ஸ்கிரீன் சொல்லும். திரும்பத் திரும்ப செஞ்சா பார்வை நெசமாவே மாறுது, மூளை ஸ்கேன்லயும் வித்தியாசம் தெரிஞ்சுது.

ஆனா மனசு தேறிச்சான்னா, மனச்சோர்வு அறிகுறி அதிகமா இருந்தவங்கள வச்சு அவங்களே செஞ்ச சோதனைல மூட் முன்னேறல, அதையும் மறைக்காம எழுதினாங்க. அதனால போன்ல ஆப் வச்சே டிப்ரஷன் போயிடும்னு யாராவது வித்தா காசு குடுக்காதீங்க.

எனக்கு இதுல முக்கியமா படுறது வேற. 2009ல ஆக்ஸ்ஃபர்டுல கேதரின் ஹார்மர் குழு, டிப்ரஷன் இருக்கிறவங்களுக்கு டிப்ரஷனுக்கு குடுக்கிற மாத்திரையை ஒரே ஒரு டோஸ் குடுத்து பார்த்தாங்க, சில மணி நேரத்துலயே சந்தோஷ முகத்தை நல்லா அடையாளம் கண்டாங்க, மூட் மட்டும் அப்படியேதான் இருந்துச்சு. மூட் தேற வாரக்கணக்குல ஆகும், பத்து நாள்ல ஒண்ணும் ஆகலைன்னு நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்காம நிறுத்தவே நிறுத்தாதீங்க.

வீட்டுல இருக்கிறவங்க, ஆயா தாத்தா அக்கா அண்ணா எல்லாருக்கும் சொல்றேன், டிப்ரஷன்ல இருக்கிறவங்க நம்ம முகத்தை பார்த்து புரிஞ்சுக்கட்டும்னு விட்டுடாதீங்க. "எனக்கு கால் வலி, அதான் முகம் இப்படி இருக்கு, உன்மேல கோவம் இல்லம்மா"ன்னு வாயத் திறந்து சொல்லுங்க. கிளினிக்குக்கு கூடவே போங்க.